ஹார்லனின் நானூறு சில்லுகள்

சீட்டாட்டத்தில் காசுக்குப் பதில் வைக்கும் சில்லு வாங்குவதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஆரினிடம் ஒரு மத்தியானம் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். காபி ஆறிப்போகும், கழுத்து வலிக்கும், மனுஷன் விடமாட்டான். களிமண் சில்லு என்றால் அவனுக்கு உயிர். செராமிக் என்ற சொல் காதில் விழுந்தாலே, யாரோ அவன் சூப்பில் தும்மிவிட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பான்.

அந்த ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை அவன் முகம் சுளிக்க நியாயமான காரணமே இருந்தது. அவனுடைய அண்ணி லவோன், தன் வீட்டுக் கீழ்த்தள அறையில், பச்சைத் துணி விரித்த மேசைமேல் புத்தம்புது செராமிக் சில்லுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்திலேயே பழைய மரப்பெட்டியும் இருந்தது. அதில் அவளுடைய காலமான கணவன் ஹார்லன் வாங்கிய களிமண் சில்லுகள் இருந்தன. வெள்ளை நூறு, சிவப்பு நூறு, நீலம் நூறு, பச்சை நூறு.

"அண்ணி, என்ன இது?"

"கண்ணு தெரியலையா? சில்லு."

"இது சில்லா? குளியலறைச் சுவத்துல ஒட்டற சமாச்சாரம்."

ஆட்டத்துக்கு வந்திருந்த டார்லா பட்டென்று ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு முடி வெட்டி விடுபவள் அவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. "அடேயப்பா, என்ன கலரு! விளிம்பு வரைக்கும் அச்சு போட்டிருக்கான் பாரு. நம்பரு எவ்வளவு பெருசா இருக்கு! நீ உன் அழுக்குப் பிஸ்கட்டைக் கட்டிக்கிட்டு அழு, ஆரின்."

"அழுக்கு இல்ல, அது கை பட்ட பதம். புதுக் களிமண் சில்லு சுண்ணாம்பு மாதிரி உதிரும். நான் ஒவ்வொண்ணா எண்ணெய் தொட்டுத் துடைச்சு, முப்பது வருஷம் கை பட்டு இப்பத்தான் வழிக்கு வந்திருக்கு. இதைப் போட்டா கிளிங்னு சத்தம் வராது. தொப்புனு உட்காரும். உன் செராமிக் இருக்கே, ஓட்டல்ல தட்டு விழற சத்தம்."

"உன் களிமண்ணுல களிமண்ணு எத்தனை சதவீதம்னு சொல்லேன் பார்ப்போம்."

"உன் செராமிக்குல செராமிக் எவ்வளவோ அதுக்கு மேல. அது சுத்தமான பிளாஸ்டிக். பீங்கான்னு பேரு வெச்சு விக்கறான், நீங்க வாங்கறீங்க."

டார்லாவின் கணவர் கர்ட் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல், பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் காரமாக வேகவைத்த சில்லியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

லவோனுக்குக் களிமண்ணும் ஒன்றுதான், செராமிக்கும் ஒன்றுதான். அவள் கண்ணெல்லாம் மாடிப்படியின் மேலேயே இருந்தது. வெண்டல் இன்னும் வரவில்லை.

நூற்றெண்பது டாலர் கொடுத்து அவள் இந்தப் பெட்டியை வாங்கியதே வெண்டலுக்காகத்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெண்டல் பெர்கோ ஹார்லனோடு இரும்புச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்தவர். அவருடைய மனைவி இந்த வடக்கு ஊர்ப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று வெயில் கொளுத்தும் அரிசோனாவுக்குப் போய், அங்கே வேறொருவரைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாகிறது. ஹார்லன் இறந்த பிறகு, துக்கம் விசாரித்தவர்கள் எல்லாம் ஒரு மாதத்தில் கலைந்துபோனார்கள். வெண்டல் மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சரியாக ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் அவரே செய்த பொட்டிட்சா இருந்தது. வால்நட் அரைத்துப் பூசிச் சுருட்டிய அந்த ரொட்டியை நீட்டி, "ஆட்டம் இருக்கில்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்று அவள் சொன்னாள். அந்த ஒரு பதிலில்தான் ஒன்பது வருஷம் ஓடியது. கடைசி நாலு வருஷமாக அவளுக்கு அவர்மேல் இருந்தது வெறும் நன்றி அல்ல. அறுபத்து மூன்று வயதில் இதை எப்படிச் சொல்வது, சொல்லி அவர் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லாமலே போய்விடும்போல இருந்தது. ஐந்தாறு மாதமாக வெண்டல் ஆட்டத்தில் தடுமாறினார். இருபத்தைந்து சென்ட் நீலச் சில்லு போட வேண்டிய இடத்தில் ஒரு டாலர் பச்சையைப் போட்டார். பச்சைக்குப் பதில் நீலம். ஆரின் ஒவ்வொரு தடவையும் "என்ன வெண்டல், லாட்டரி விழுந்திடுச்சா?" என்று சிரிப்பான். மனுஷன் குடிக்கிறாரோ என்று டார்லா லவோனின் காதில் கிசுகிசுத்தாள். காரையும் எடுப்பதில்லை, பனியில் நடந்தே வருகிறார். கேட்டால் டாக்டர் நடக்கச் சொன்னார் என்பார். இது எல்லாவற்றையும்விட லவோனைக் குத்தியது வேறு. வெண்டல் அவளை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவள் பேசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

போன மாதம் ஒருநாள், கோட்டைப் போட்டுக்கொண்டே, "நான் ஆட்டத்தைக் கெடுக்கறேன். நிறுத்திக்கலாமான்னு பார்க்கறேன்" என்றார். அன்றைக்கு லவோனுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. நீலமும் பச்சையும் மங்கிப்போய், குழல்விளக்கில் ஒரே நிறமாகத்தான் இருந்தன. அவளுக்கே தடுமாறியது. சில்லுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். பளிச்சென்று பெரிய எண் போட்ட சில்லு வந்துவிட்டால் அவருக்குத் தப்பு வராது, ஆரின் சிரிக்க மாட்டான், நாற்காலி காலியாகாது. ஆசை வந்தால் கணக்கு எவ்வளவு சுலபமாகிவிடுகிறது பாருங்கள்!

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வெண்டல் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கினார்.

"வாங்க வெண்டல், இன்னிக்குப் புதுச் சில்லு!" என்றாள் லவோன். குரலில் கொஞ்சம் கூடுதலாகவே உற்சாகம் காட்டினாள்.

"புதுசா?" அவர் முகம் மேசையை விட்டு ஒதுங்கி ஜன்னல் பக்கம் போனது. "பழசுக்கு என்ன ஆச்சு?"

"அதைக் கேளுங்க!" என்றான் ஆரின்.

ஆடினார்கள். ஹார்லன் காலத்திலிருந்து அந்த மேசையில் ஏழு சீட்டு ஆட்டம்தான். சிலதைக் கவிழ்த்தும் சிலதை மலர்த்தியும் போடுவார்கள். மலர்த்திப் போடும் ஒவ்வொரு சீட்டையும் போடுபவர் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது ஹார்லன் வைத்த சட்டம். "டார்லாவுக்கு ராணி. கர்ட்டுக்கு ரெண்டு, பாவம். வெண்டலுக்கு ஒன்பது, ஜோடி ஒன்பது!" ஐந்து பேரும் அறுபது தாண்டியவர்கள் என்பதால் சீட்டும் பெரிய எண் போட்ட சீட்டு. வெண்டல் தன் கவிழ்த்த சீட்டுகளைத் தூக்கி, தலையைச் சாய்த்து, முகத்தின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது என்று முதலில் ஒரு சாக்குச் சொல்லியிருந்தார்.

புதுச் சில்லு வழவழவென்று இருந்தது. வெண்டல் அடுக்கிய அடுக்கு ஒன்று நழுவிச் சரிந்தது. அவர் திரும்ப அடுக்கினார். அதுவும் சரிந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். எல்லாம் ஒரே வழவழப்பு, ஒரே கனம், ஒரே விளிம்பு.

"அஞ்சு சென்ட்" என்றாள் டார்லா, வெள்ளை ஒன்றைத் தள்ளி.

வெண்டல் பச்சை ஒன்றைத் தள்ளினார்.

"பத்து சென்ட்" என்றார் கர்ட், அடுத்த சுற்றில்.

வெண்டல் நீலத்தைப் போட்டார். பிறகு கை தயங்கி, அதை எடுத்து, வெள்ளையைப் போட்டார்.

"வெண்டல்!" ஆரின் தொடையில் அடித்துக்கொண்டான். "பத்துன்னா சிவப்பு! அதுல நம்பரே கட்டைவிரல் பெருசுல போட்டிருக்கு. எங்க வீட்டு நாயைக் கூப்பிட்டாக்கூடக் கரெக்டா எடுக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை. லவோனின் மனதில் ஏதோ ஒன்று தட்டியது. இந்த ஆறு மாதத்தில் வெண்டல் எத்தனையோ தப்பு செய்தார். ஆனால் சிவப்பில் ஒருநாளும் தப்பு செய்ததில்லையே! அது ஏன் என்று யோசிப்பதற்குள் வெண்டல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்.

"ஆரின் சொல்றது சரிதான். இனிமே எனக்கு நாற்காலி போட வேண்டாம், லவோன்."

"ஐயோ, அவன் கிடக்கான் வாயாடி! உட்காருங்க."

"இல்லம்மா. சில்லி நல்லா இருந்தது."

"நான் கார்ல கொண்டுவிடறேன்."

"நடக்கறேன்."

அவர் படியேறிப் போனார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆரின் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்தான். "நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றான். "நீ எப்பவுமே விளையாட்டுக்குத்தான் சொல்றே" என்றாள் டார்லா.

ஆட்டம் கலைந்தது. போகும் முன் ஆரின் வழக்கம்போலச் சில்லுகளை எண்ணினான், அன்றைக்குத் தொடவே தொடாத களிமண் பெட்டியையும் சேர்த்து. அது அவனுடைய மதம். மேசையை விட்டு ஒரு சில்லும் வெளியே போகக்கூடாது, அண்ணன் விட்டுப்போன நானூறும் நானூறாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்தது என்று நாலு பேரையும் தரையில் தவழவிட்டான். கடைசியில் அது கர்ட்டின் கால்சட்டை மடிப்பில் கிடந்தது. கர்ட்டை அதற்கு மூன்று வாரம் திட்டினான்.

எல்லோரும் போன பிறகு லவோன் மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மூன்றரை மணி வெயில் பனிமேல் மஞ்சளாகக் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் சில்லுகளை எடுத்து அடுக்கினாள். வெள்ளை அடுக்கு நின்றது. நீலம் நின்றது. பச்சை நின்றது. சிவப்பு ஆடியது.

சிவப்பு ஆடத்தான் செய்யும். அதற்குக் காரணமே அவள்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஹார்லனின் பிறந்தநாளுக்கு ஆச்சரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று, அழுக்கேறிய சிவப்புச் சில்லு நூறையும் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டாள். களிமண் சில்லுக்குச் சூடு ஆகவே ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெளியே எடுத்தபோது நூறும் அரைகுறையாகப் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து, ஓரத்துச் சாயம் வெளுத்துக் கிடந்தது. ஹார்லன் மூன்று நாள் பேசவில்லை. ஆரின் ஒரு மாதம் பேசவில்லை. நாலாம் நாள் ஹார்லன் ஒன்றை எடுத்து மேசையில் சுழற்றிவிட்டு, அது கிறுகிறுவென்று ஆடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு வேறு சிவப்பு வாங்கவே இல்லை.

லவோன் கண்ணை மூடினாள். பெட்டிக்குள் கையை விட்டுக் கலைத்து, ஒன்றை எடுத்துத் தடவினாள். தட்டை. இன்னொன்று, தட்டை. அடுத்தது வளைவு. கண்ணைத் திறந்தாள். சிவப்பு.

பிறகு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

நடந்து வருவது. படியில் கைப்பிடி. சீட்டை முகத்தின் ஓரத்தில் பிடிப்பது. பேசும்போதெல்லாம் ஜன்னல். சிவப்பில் மட்டும் தப்பாத கை. அந்தக் கையிலிருந்து அந்த ஒரே பிடிமானத்தையும் பிடுங்கிவிட்டு, பளபளவென்று ஒன்றைக் கொடுத்து, பாருங்கள் பாருங்கள் என்று குதித்திருக்கிறாள் அவள்.

"அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று வாய்விட்டே சொன்னாள். பெட்டியின் மூடியில் தலையை வைத்து நன்றாக அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஆரினின் ஹார்டுவேர் கடையில் முதல் வாடிக்கையாளர் லவோன்தான்.

"எனக்கு ஒரு அரம் வேணும். சின்னது."

"எதுக்கு அண்ணி?"

"சில்லு விளிம்புல வெட்டுப் போட. நீலத்துக்கு ஒண்ணு, பச்சைக்கு ரெண்டு."

ஆரின் ஆணி டப்பாவைக் கீழே வைத்தான். "எந்தச் சில்லு?"

"ஹார்லனோட சில்லு."

"உங்களுக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?" கடையே அதிர்ந்தது. "முப்பது வருஷமா நான் நகம் படாம வெச்சிருக்கேன்! ஏற்கெனவே நூறை வேகவெச்சீங்க. பத்தலையா? அந்தப் பிளாஸ்டிக்கு இருக்கே, அதுல போய் வெட்டுங்க!"

"அவருக்குக் கண்ணு தெரியல, ஆரின்."

"யாருக்கு?"

"வெண்டலுக்கு. சிவப்பு வளைஞ்சிருக்கறதால தடவிப் பார்த்து ஆடியிருக்கார். மத்ததெல்லாம் குத்துமதிப்பு. நாம சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

ஆரின் கல்லாவுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தது. அரங்கள் தொங்கும் பலகையைப் பார்த்தான்.

"நாய்னு சொன்னேன்" என்றான் மெதுவாக. "எங்க வீட்டு நாய்கூட எடுக்கும்னு சொன்னேன்."

"சொன்னே."

"அண்ணனை அடக்கம் பண்ண அன்னிக்கு, கல்லறைக்கு வெளியில என் வண்டி கிளம்பலை. குளிர் மைனஸ் முப்பது. அந்த மனுஷன் கையுறையைக் கழட்டிட்டு ஒரு மணி நேரம் ஒயரை நோண்டினார்." அவன் மூக்கை உறிஞ்சினான். "செராமிக்குல வெட்டினாச் சரியா வராது. கை வழுக்கும், விளிம்பு சுரீர்னு நிக்கும். களிமண்ணுதான் பதமா எடுக்கும்."

"அப்போ அரத்தைக் கொடு."

"கொடுக்க மாட்டேன். நீங்க சில்லை மெஷின்ல போட்டவங்க. நானே வரேன்."

மூன்று நாள் மத்தியானம் லவோனின் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆரின் அராவினான். முக்கோண அரம், கீழே பழைய துண்டு, பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். ஒவ்வொரு சில்லையும் வெட்டி, பிசிறு எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கீழே வைத்தான். முதல் பச்சையில் அரத்தை வைக்கும்போது "மன்னிச்சுக்கண்ணா" என்று முணுமுணுத்தது லவோனுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி உருளைக்கிழங்கு உரித்தாள்.

"எனக்கும் ஒண்ணு கொடேன்" என்றாள் மூன்றாம் நாள்.

"எதுக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. என் கையால."

அவன் நம்பிக்கை இல்லாமல் ஒரு நீலத்தைக் கொடுத்தான். லவோன் நாக்கைக் கடித்துக்கொண்டு அராவினாள். வெட்டு கோணலாக, ஒரு பக்கம் ஆழமாக விழுந்தது. ஆரின் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நூத்துல ஒண்ணு கெட்டுது, போனாப் போகுது" என்றான்.

சனிக்கிழமை அவள் வெண்டல் வீட்டுக்குக் கிளம்பியபோது அவன் நாலு சில்லை எண்ணிக் கையில் கொடுத்தான். நிறத்துக்கு ஒன்று. "நாலு. நாளைக்கு நாலும் திரும்பி வரணும், சொல்லிட்டேன்." அவள் எடுத்துக்கொண்ட நீலம் அந்தக் கோணல் வெட்டு நீலம்தான்.

வெண்டல் கதவைத் திறந்தார். முகத்தை ஓரமாகத் திருப்பிக்கொண்டு, "லவோனா?" என்றார்.

"கண்ணு எத்தனை நாளா இப்படி?" வாசலில் நின்றபடியே கேட்டாள்.

அவர் வழிவிட்டார். சமையலறையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "ஒரு வருஷம் இருக்கும். நடுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சுக்கிட்டே வருது. நேரா பார்த்தா புகை மாதிரி. ஓரத்துல தெரியும். ஓரப் பார்வை போகாம நிக்கும்னு டாக்டர் சொல்றார்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. பரிதாபப்பட்டு உட்கார வெச்சுப்பீங்க. நான் தப்பாப் போட்டா, பரவாயில்ல பரவாயில்லன்னு தள்ளி வைப்பீங்க. அது எனக்கு வேண்டாம். அதுக்கு ஆரின் திட்டறதே மேல்."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். அவள் ஒன்றை வைத்தாள். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தது.

"சிவப்பு. நீங்க வேகவெச்சது."

"இது?"

"வெள்ளை இல்லாட்டி..." விரல் இன்னொரு சுற்று வந்தது. "ஒண்ணும் இல்ல. வெள்ளை."

"இது?"

விரல் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது. "ரெண்டு பள்ளம் இருக்கு. லவோன், என்ன பண்ணீங்க?"

"அது பச்சை. ஒரு பள்ளம் இருந்தா நீலம். நூறு பச்சையும், நூறு நீலமும். இனிமே நீங்க தப்பாப் போட்டா ஆரின் தாராளமாத் திட்டுவான். யாரும் தள்ளி வைக்க மாட்டோம்."

"ஹார்லனோட சில்லையா? ஆரின் உங்களைக் கொன்னு போட்டுடுவானே!"

"அராவினதே அவன்தான். மூணு நாள்."

வெண்டல் பச்சையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். லவோன் மேசைத் துணியைப் பார்த்தாள். வந்ததற்கு இதைச் சொல்லாமல் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் வேற ஒண்ணு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க என்னை நேரா பார்க்கறதையே விட்டுட்டீங்க. நான் எதாவது தப்பாப் பேசிட்டேனோ, என் முகம் பார்க்கவே பிடிக்கலையோன்னு..."

"நேரா பார்த்தா நீங்க காணாமப் போயிடறீங்க, லவோன்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இப்படித் திரும்பினாத்தான் தெரியறீங்க. அந்த நீலக் கம்பளிச் சட்டை போட்டிருக்கீங்க. முடியைக் கொண்டையாப் போடாம விட்டிருக்கீங்க."

"அப்போ ஆறு மாசமா நீங்க ஜன்னலைப் பார்க்கலையா?"

"உங்க கீழ்த்தள ஜன்னல்ல என்னம்மா இருக்கு? குவிஞ்ச பனி. அதைப் பார்க்கவா மனுஷன் மூணு தெரு நடந்து வருவான்?"

லவோனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாளைக்கு வாங்க. நீங்க வந்தே ஆகணும். ஞாயித்துக்கிழமைக்காகத்தான் நான் மிச்ச ஆறு நாளை ஓட்டறேன். சில்லுக்காக இல்ல, சீட்டுக்காக இல்ல. உங்களுக்காக."

வெண்டல் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். மேசைமேல் அவர் கை தேடி வந்தது, அவள் கையைக் கண்டது. நடுங்காத கை அது, மின்சாரக்காரன் கை.

"அந்த நாலாவதை இன்னும் காட்டலையே" என்றார்.

அவள் கோணல் நீலத்தை வைத்தாள். அவர் தடவினார், நெற்றி சுருங்கியது. "இது ஆரின் வேலை இல்ல. யார் இந்த அரைகுறை?"

"நான்தான். ஒண்ணே ஒண்ணு."

அவர் அதைத் திரும்பக் கொடுக்கவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு ஐந்து நாற்காலியும் நிறைந்திருந்தது. பொட்டிட்சா மேசையில் இருந்தது. செராமிக் பெட்டியை டார்லா தன் வீட்டுக்கு எடுத்துப் போவதாக முடிவாகியிருந்தது. "எனக்கு செராமிக்தான் பிடிச்சிருந்தது" என்றார் கர்ட். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாதத்துக்கு அவர் பேசியது அதோடு சரி.

"வெண்டலுக்கு ராஜா" என்று கூவினாள் லவோன். "ஆரினுக்கு மூணு, அதுவும் கிளாவர்."

வெண்டல் தலையைச் சாய்த்துத் தன் கவிழ்த்த சீட்டுகளைப் பார்த்தார். விரல் அடுக்கைத் தொட்டது, ஒரு விளிம்பில் இரண்டு தடவை நின்றது. "ஒரு டாலர்" என்று சொல்லிப் பச்சையைத் தள்ளினார். தொப்பென்று உட்கார்ந்தது.

"ஒரு டாலரா? அந்தச் சீட்டை வெச்சுக்கிட்டா? போன வாரத்தைவிட மோசமா ஆடறீங்களே மனுஷா!" என்று கத்தினான் ஆரின்.

"அப்போ நீயும் ஒரு டாலர் போட்டுப் பாரேன்" என்றார் வெண்டல்.

ஆரின் போட்டான், தோற்றான், மேசையைக் குத்தினான். லவோனுக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அன்றைக்கு வெண்டல் ஒரே ஒரு தடவைதான் தப்பாகப் போட்டார். ஆரின் அதற்கு ஐந்து நிமிஷம் திட்டினான். வெண்டல் வாயெல்லாம் சிரிப்பாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ஆட்டம் முடிந்தது. டார்லாவும் கர்ட்டும் கோட்டைத் தேடினார்கள். ஆரின் மரப்பெட்டியை இழுத்து வைத்து எண்ணத் தொடங்கினான். வெள்ளை நூறு. சிவப்பு நூறு. பச்சை நூறு. நீலத்தை இருபது இருபதாக அடுக்கினான். கடைசி அடுக்கு ஒரு சில்லு குட்டையாக நின்றது. திரும்ப எண்ணினான். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். கர்ட் தானாகவே கால்சட்டை மடிப்பை உதறிக் காட்டினார்.

ஆரின் நிமிர்ந்தபோது வெண்டல் படியருகே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் வட்டமாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஆரின் அதைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். லவோனின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது, பள்ளிக்கூடத்துப் பெண்ணைப்போல. காரின் சாவி அவள் கையில் இருந்தது. வெண்டலின் முழங்கையை அவள் மற்றக் கையால் பிடித்திருந்தாள், வெண்டலும் பிடிக்க விட்டிருந்தார்.

டார்லா படியில் பாதியில் நின்று திரும்பினாள். "என்ன ஆரின், குறையுதா? தவழணுமா?"

ஆரின் குட்டை அடுக்கைப் பெட்டிக்குள் வைத்தான். மேலே துணியை மடித்துப் போட்டு, மூடியைச் சாத்தி, கொக்கியை மாட்டினான். பெட்டிமேல் கையை வைத்தான்.

"நானூறு" என்றான். "எல்லாம் சரியா இருக்கு."